கலைஞனுக்கு வேண்டிய சுற்றம்

கலைத்திறமை ஒருவரிடத்தே தோன்றுவது வேறு. அத்திறமையைக் கொண்டு அவர் வாழ்வது வேறு. முன்னையதற்கு இயல்பான நாட்டமும் இடைவிடாப் பயிற்சியும் போதும். பின்னையதற்கோ அவருடைய வேலையைக் கண்டவர்கள் வேண்டும். குறை இருந்தால் எடுத்துச் சொல்பவர்கள் வேண்டும். தக்க சமயத்தில், "இப்பணியை இன்னாரிடம் கொடுங்கள், நன்றாகச் செய்வார்" என்று பிறரிடம் கூறுபவர்களும் வேண்டும். இவர்கள் அனைவரையும் சேர்த்துக் கலைஞனின் சுற்றம் என்று நாம் சொல்லலாம்.

முன்னாளில் இச்சுற்றம் பிறப்பினாலும் ஊரினாலும் அமைந்தது. இணுவிலிலும் அளவெட்டியிலும் நாதஸ்வரமும் தவிலும் குடும்பங்களின் வழியே வளர்ந்தமை யாவரும் அறிந்ததே. தந்தையின் குழுவிலே சிறுவனாய் அமர்ந்து தாளம் போட்டவன், தானே வித்துவானாக எழும்போது ஊருக்குப் புதியவன் அல்லன். அவனுடைய வளர்ச்சியைக் கோயில்தோறும் கண்டிருந்தோர் பலர். அத்தகைய குடும்பத்திற் பிறவாத பிள்ளையின் நிலை யாது? மேலும், கணினியில் ஓவியம் வரைதல், கார்ட்டூன் படம் ஆக்குதல், புத்தகங்களுக்குப் படம் தீட்டுதல், படங்களுக்கு இசை கோத்தல் முதலாய இக்காலத் தொழில்களிற் பலவற்றிற்கு நம் ஊர்களில் வழிவழி வந்த குடும்பங்களும் இல்லையே!

கல்லூரியில் எம்மிடம் கற்கும் மாணவருள் இத்தகைய திறமை வாய்ந்தவர்கள் எப்போதும் ஓரிருவரேனும் உளர். உயர்தரப் பாடக் கொப்பிகளின் பின்தாள்களைப் புரட்டினால் அவர்களை எளிதில் அறிந்துகொள்ளலாம். "சேர், இந்தத் துறையில் எங்களுக்கு ஒருவரையும் தெரியாதே, எப்படி உள்ளே போவது?" என்பது அவர்களுடைய கேள்வி. "எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிறானே, இதனால் என்ன பிரயோசனம்?" என்பது பெற்றோரின் கேள்வி. இவ்விரண்டு கேள்விகளும் ஓரிடத்தில் வந்து சந்திக்கின்றன என்பது எமது எண்ணம். இணையத்தின் வாயிலாக ஒரே தொழிலினர் கூடியிருக்கும் குழுக்களை முறையறிந்து பயன்படுத்துவோர்க்கு, ஊரும் உறவும் தராத சுற்றம் கிடைத்தல் கூடும். அது எவ்வாறு கிடைக்கின்றது என்பதை உண்மையாக நடந்த ஒரு வரலாற்றைக்கொண்டு விளக்குவோம்.

ஒல்லாந்தில் எழுந்த கருவி

ஒல்லாந்து தேசத்தவரான ரொன் றூசெண்டால் என்பவர் நியோஜியோ என்னும் சித்திரப்பட நிலையத்தை நிறுவியவர்களுள் ஒருவர். அந்நிலையத்தின் சொந்தத் தேவைக்காக அவர் 1994இல் எழுதத் தொடங்கிய கணினி நிரலே பிளெண்டர் என்பது. களிமண்ணைப் பிசைந்து பாவை செய்வதுபோலத் திரையிலே முப்பரிமாண உருவங்களை ஆக்கி, அவற்றுக்கு நிறமும் ஒளியும் கொடுத்து, நடக்கவும் ஓடவும் வைப்பதற்கு இக்கருவி உதவுகின்றது. இதனை மேலும் விருத்தி செய்து விற்பதற்கென 1998இல் அவர் ஒரு கம்பெனியைத் தொடங்கினார். வியாபாரம் எதிர்பார்த்தவாறு செழிக்கவில்லை. 2002ஆம் ஆண்டின் முற்பகுதியில், முதலிட்டவர்கள் கம்பெனியை மூடிவிட்டார்கள்.

அக்கருவியைக் கையாண்டவர்களோ பல நாடுகளிற் சிதறிக் கிடந்தனர். பெரும்பாலோர் ஒருவரையொருவர் நேரிற் கண்டதில்லை. ஆயினும் இணையக் குழுக்களிலே நாள்தோறும் கூடி, ஒருவர் கண்டறிந்த உத்தியை மற்றவர்க்குக் கற்பித்து, ஒருவர் செய்த படத்தை மற்றவர் ஆராய்ந்து பழகியிருந்தனர். கருவியின் உரிமையை 100,000 யூரோவுக்கு விட்டுக்கொடுக்க முதலீட்டாளர் இசைந்ததும், றூசெண்டால் 2002 ஜூலை மாதத்தில் அக்கூட்டத்தாரிடம் நன்கொடை வேண்டினார். 7 வாரங்களில் அத்தொகை சேர்ந்துவிட்டது. அவ்வாண்டு ஒக்டோபர் 13ஆந் திகதி பிளெண்டர் நிரல் முழுவதும் உலகத்தவர் எவரும் இலவசமாகப் பெறவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் உரியதாக வெளியிடப்பட்டது.

கடையிற் போய் வாங்கக்கூடிய ஒரு பொருள் விற்பனையிலிருந்து மறைந்தால் நாம் வேறொன்றை வாங்கிக்கொள்கின்றோம். அதற்காகப் பணம் திரட்டுவதில்லை. இவர்கள் திரட்டினார்கள். அக்கருவியைச் சுற்றி வளர்ந்த உறவையும் சேர்த்தே அவர்கள் மீட்டெடுத்தார்கள் என்று நாம் கருதுகின்றோம். அவ்வுறவு அவர்களுக்கு எவ்வளவு பெறுமதியுடையது என்பதைப் பின்னர் நடந்தவை காட்டும்.

முகமறியா ஆறு பேர்

2005ஆம் ஆண்டில், இவ்விலவசக் கருவியைக்கொண்டு தரமான ஒரு குறும்படம் எடுக்க முடியுமா என்று பார்க்க முனைந்தார் றூசெண்டால். அதற்கென அக்கூட்டத்தாருள்ளிருந்து 6 பேர் தெரிந்தெடுக்கப்பட்டு அம்ஸ்ரர்டாம் நகருக்கு அழைக்கப்பட்டனர். ஐரோப்பா, அமெரிக்கா, அவுஸ்திரேலியா என்று வெவ்வேறு திசைகளிலிருந்து வந்தவர்கள் அவர்கள். குழுக்களிலே தாம் ஆக்கியவற்றைப் பலகாலம் காட்டி வந்தமையால், இன்னார் இன்னதில் வல்லவர் என்பது நேரிற் காணுமுன்னரே தெரிந்திருந்தது. பசாம் குர்தாலி என்பவர் நெறியாள்கை செய்தார். செலவின் ஒரு பகுதிக்காகப் படத்தின் இறுவட்டு முன்கூட்டியே விற்கப்பட்டது. எடுத்து முடியாத படத்தை நம்பிக்கையின் பேரில் வாங்கியவர்களும் பெரும்பாலும் அதே கூட்டத்தினரே.

"எலிபன்ற்ஸ் ட்றீம்" என்னும் அப்படம் ஏறத்தாழ 11 நிமிடம் ஓடுவது. 2006 மார்ச் மாதத்தில் அம்ஸ்ரர்டாமில் முதன்முறையாகத் திரையிடப்பட்டது. படத்தோடு அதனை ஆக்கப் பயன்பட்ட கோப்புகள் யாவும் வெளியிடப்பட்டன. ஓர் உருவம் எவ்வாறு கட்டப்பட்டது, ஒளி எங்கே வைக்கப்பட்டது என்பவற்றை யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருக்கும் மாணவன் ஒருவன் தானே பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். சமையலை உண்ணக் கொடுப்பதோடு நில்லாமல் அடுக்களைக்குள்ளும் அழைத்துச்சென்று காட்டுவது போன்றது இச்செயல்.

ஒரு வேலை மற்றொரு வேலையைக் கொண்டு வருவது இவ்வரலாற்றில் தெளிவாகத் தெரிகின்றது. அந்த 6 பேருள் ஒருவரான ஜேர்மனிய ஓவியர் அந்திரேயாஸ் கொறால்சிக், 2008இல் வெளிவந்த "பிக் பக் பனி" என்னும் அடுத்த படத்திலும் பணியாற்றினார். முதற் படத்துக்கு இசையமைத்த யான் மோர்கன்ஸ்டேர்ன் என்பவரே இரண்டாம் படத்துக்கும், 2010இல் வெளிவந்த "சின்ரெல்" என்னும் மூன்றாம் படத்துக்கும் இசையமைத்தார். ஒருமுறை ஒழுங்காகச் செய்து கொடுத்தவனை மறுமுறையும் தேடி வருதல் எல்லாத் தொழிலுக்கும் பொது அன்றோ?

"சின்ரெல்" படத்தை நெறிப்படுத்திய கொலின் லீவி அக்காலத்தில் இளைஞர். பின்னர் அமெரிக்காவின் புகழ்பெற்ற சித்திரப்பட நிலையமான பிக்ஸாரிற் பணி பெற்றார். அதே படத்துக்கு உருவங்களையும் காட்சிகளையும் முன்னோடியாக வரைந்து கொடுத்தவர் டேவிட் ரெவொய் என்னும் பிரெஞ்சு ஓவியர். இவர் 2014இல் "பெப்பர் அன்ட் கரட்" என்னும் சித்திரக்கதையைத் தாமே இணையத்தில் வெளியிடத் தொடங்கினார். சூனியம் பயிலும் ஒரு சிறுமியும் அவளுடைய பூனையும் இதன் நாயகர்கள். கதையை எவரும் இலவசமாகப் படிக்கலாம். விரும்பிய வாசகர்கள் தாமாகவே பொருளுதவி செய்கின்றனர். பல நாட்டுத் தொண்டர்கள் தத்தம் மொழிகளில் பெயர்த்து வருகின்றனர். 2016இல் பிரான்சின் பெரிய சித்திரக்கதைப் பதிப்பகங்களுள் ஒன்றான கிளேனா அதனை நூலாகவும் பதிப்பித்தது. இலவசமாகக் கொடுத்தவர் இழந்துபோகவில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

தனியே நின்றவர் கூட்டத்தில் வந்தபோது

லற்வியா என்னும் சிறிய நாட்டில் 1994இற் பிறந்தவர் கின்ற்ஸ் சில்பலோடிஸ். இவருடைய முதல் நெடும்படமான "அவே", 2019இல் வெளிவந்தது. அதன் கதை, உருவங்கள், அசைவுகள், இசை அனைத்தையும் இவர் ஒருவரே ஆக்கினார். அதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன. அடுத்த படமான "ப்ளோ"வை அவ்வாறு ஆக்குதல் இயலாது என்று உணர்ந்து, முதன்முறையாகப் பிறரோடு சேர்ந்தார். லற்வியாவிலும் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் இருந்தோர் அதிற் பங்குபற்றினர். கருவி, முன்னர் நாம் கூறிய அதே பிளெண்டர். வசனமே இல்லாத அப்படம் 2024இல் கான் திரைப்பட விழாவில் முதலிற் காட்டப்பட்டது. 2025 மார்ச் மாதத்தில் சிறந்த சித்திர நெடும்படத்துக்கான ஒஸ்கார் விருதை வென்றது. லற்வியாவுக்குக் கிடைத்த முதல் ஒஸ்கார் அதுவே.

தனியே திரிந்து பழகிய ஒரு பூனை, வெள்ளம் சூழ்ந்த உலகிலே வேறு பிராணிகளோடு ஒரே படகில் வாழப் பழகுவதே அப்படத்தின் கதை. தனித்து வேலை செய்த தாம் பிறரோடு சேர்ந்து வேலை செய்யக் கற்றுக்கொண்டதையே கதையாக்கியதாக அவர் கூறியிருக்கின்றார். 2002இல் நன்கொடை கொடுத்து அக்கருவியை மீட்டவர்கள், 23 ஆண்டுகளின் பின் வேறொரு நாட்டவர் அதைக்கொண்டு உலகப் பரிசு பெறுவார் என்று நினைத்தா கொடுத்தார்கள்?

முகமறியாதோர் கூடிப் பணி செய்தல் தமிழர்க்கும் புதிய செய்தி அன்று. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாடுகளில் வாழும் தொண்டர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டும் பிழை திருத்தியும் இணையத்தில் ஏற்றிய முயற்சியாகும். 2005இல் எழுந்த நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் அவ்வாறே காத்து வருகின்றது. அங்கும் ஒருவரை மற்றவர் அறிந்தது அவரவர் செய்த வேலையினாலேயே.

எவ்வாறு சேர்வது?

மேற்கூறியவற்றைக் கூட்டிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். குழுவில் நூறு பேரை நண்பராகப் பதிவு செய்துகொள்வதாற் சுற்றம் அமைந்துவிடாது. ஒருவர் எவ்வாறு வேலை செய்கின்றார், குறை சொன்னால் எவ்வாறு ஏற்கின்றார், தொடங்கியதை முடிக்கின்றாரா என்பவற்றைப் பலநாள் பார்த்திருந்த சாட்சிகளே அவருடைய சுற்றம். ஆகவே சாட்சிகளைப் பெறும் வகையில் நடந்துகொள்ளல் வேண்டும்.

முதலாவது, ஒன்றிரண்டு குழுக்களை மட்டும் தெரிந்தெடுத்தல். அங்கத்தவர் தொகையைப் பாராது, அங்கே நடக்கும் பேச்சைப் பார்த்தல் நன்று. எதை வைத்தாலும் "அருமை, அருமை" என்று மட்டும் சொல்லும் குழு மனத்துக்கு இனியது, கைக்குப் பயனற்றது. குறையைக் காரணத்தோடு சொல்லும் குழுவே தக்கது. சேர்ந்ததும் இரண்டு மூன்று வாரம் பேசாதிருந்து, அவ்விடத்து வழக்கங்களை அறிந்துகொள்வது நல்லது.

இரண்டாவது, முடியாத வேலையையும் காட்டுதல். முழுதும் முடிந்த படத்தைக் காட்டினால் பாராட்டுக் கிடைக்கும். அரைவாசியிற் காட்டினாற் பாடம் கிடைக்கும். கேள்வியும் குறிப்பாக இருத்தல் வேண்டும். "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்பவனுக்கு "நன்று" என்பதே விடை. "யன்னல் இடப்புறம் இருக்கின்றதே, முகத்தில் நிழல் விழுந்த திசை சரியா?" என்று கேட்பவனுக்கு வல்லுநரும் நின்று பதில் சொல்வார். இக்காலத்தில் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு கணப்பொழுதிற் படம் ஆக்கிவிடலாம் ஆதலால், படிப்படியாகக் காட்டிய வேலை, அது தன் கையாலானது என்பதற்கு அத்தாட்சியாகவும் அமையும்.

மூன்றாவது, பெறுமுன் கொடுத்தல். தன் படத்துக்கு அபிப்பிராயம் வேண்டுபவன் முதலிற் பிறருடைய படங்களுக்கு அபிப்பிராயம் சொல்லட்டும். சிறப்பு ஒன்று, குறை ஒன்று, திருத்தும் வழி ஒன்று என்று மூன்று வரி எழுதினால் போதும். புதியவன் ஆதலால் என்னிடம் கொடுக்க ஒன்றுமில்லை என எண்ணுதல் தவறு. நேற்றுக் கற்றதை இன்று தொடங்குபவனுக்குச் சொல்லிக்கொடுக்கலாம்.

நான்காவது, சொன்னதைச் சொன்ன நாளில் முடித்தல். குழுக்களில் வார இறுதிப் போட்டிகள், சிறிய கூட்டு முயற்சிகள் நடைபெறுவதுண்டு. அவற்றில் ஒன்றை எடுத்துக் குறித்த தவணைக்குள் முடித்துக் கொடுப்பவனை மற்றவர்கள் மறப்பதில்லை. திறமையிற் சற்றுக் குறைந்தவனாயினும் தவணை தவறாதவனுக்கே வேலை தேடி வரும்.

ஐந்தாவது, எங்கும் ஒரே பெயரில் இயங்குதலும், தன் ஆக்கங்களுள் மிகச் சிறந்த பத்தினை மட்டும் ஓரிடத்தில் அடுக்கி வைத்தலும். ஐம்பதைக் காட்டினாற் பார்ப்பவர் கண்ணில் முதலிற் படுவது அவற்றுள் மட்டமானதே.

ஆங்கிலம் போதாதே என்று கூசும் மாணவர்கள் உளர். ஓவியமும் இசையும் தாமே பேசும். சிறு வாக்கியங்களாக எழுதினாற் போதும். எழுத எழுத மொழியும் கைவரும்.

காக்க வேண்டியவை

இவ்வழியில் மேடும் பள்ளமும் உள்ளன என்பதையும் மறைத்தல் ஆகாது. வேலை தருவதாகக் கூறி முன்பணம் கேட்பவன் வஞ்சகன். அவனோடு பேச்சை அன்றே நிறுத்துதல் வேண்டும். கூலிக்கு வேலை ஏற்குமுன், எவ்வளவு வேலை, என்ன விலை, எத்தனை முறை திருத்தம், உரிமை யாருக்கு என்னும் நான்கையும் எழுத்தில் வாங்கிக்கொள்வது அவசியம். பொதுக் காரியத்துக்கு மனமுவந்து உழைப்பது வேறு. "உனக்குப் பெயர் வரும்" என்று ஆசை காட்டித் தான் இலாபம் பெறுபவனுக்கு இலவசமாக உழைப்பது வேறு. ரெவொய் தம் கதையைத் தாமே விரும்பி வழங்கினார். எவரும் அவரிடமிருந்து பறிக்கவில்லை. பிறர் ஆக்கிய படத்தைத் தன்னுடையதென்று காட்டுபவன் பல ஆண்டுகளில் தேடிய நற்பெயரை ஒரே நாளில் இழப்பான்.

இளம்பிள்ளைகள் முகவரி, பாடசாலை, தொலைபேசி இலக்கம் முதலியவற்றைக் குழுக்களில் எழுதலாகாது. பெற்றோர் தொலைபேசியைப் பறித்து வைப்பதிலும், பிள்ளையின் அருகில் அமர்ந்து, "இன்று என்ன காட்டினாய்? என்ன சொன்னார்கள்?" என்று கேட்பது பயன் தரும். பரீட்சைக்கு ஆயத்தம் செய்யும் மாணவனுக்கு நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலம் போதும். அந்த ஒரு மணியிலும் பார்ப்பது கால் பங்கும் செய்வது முக்காற் பங்குமாக இருக்கட்டும்.

இவ்வாறு முயல்வோர் அனைவருக்கும் வாழ்வு கிடைத்துவிடும் என்று நாம் உறுதி கூறவில்லை. குழுக்களிலே படம் காட்டுவோர் பல்லாயிரவர். அதனையே தொழிலாகக் கொள்வோர் சிலரே. ஆதலால் வேறொரு கல்வியைக் கைவிடாது இதனைப் பயில்வதே விவேகம். ஆயினும் வேலை கிடையாதுபோயினும் அவ்வாறு கழிந்த காலம் வீணாகாது. குறையைப் பொறுமையோடு கேட்கவும், பிறர் நன்மைக்கு உண்மையைச் சொல்லவும், தொடங்கியதை முடிக்கவும் பழகிய இளைஞன் எத்துறைக்குச் சென்றாலும் வேண்டப்படுபவனே ஆவான்.

இதற்கு ஊரிலும் ஒரு தொடக்கம் வேண்டும். பிளெண்டர் கூட்டத்தாரும் 2002ஆம் ஆண்டு முதலாக அம்ஸ்ரர்டாமில் மகாநாடு கூட்டி, திரையிற் பழகியவர்களை நேரிலும் சந்தித்து வந்துள்ளனர். படம் வரையும் மாணவர் ஐந்தாறு பேர் சனிக்கிழமைதோறும் வாசிகசாலையிலோ வகுப்பறையிலோ கூடி, ஒருவர் வேலையை ஒருவர் பார்த்துக் குறை நிறை சொல்லிப் பழகட்டும். அங்கே கூச்சம் நீங்கியவர்களுக்கு உலகக் குழுக்களிலே வாய் திறப்பது கடினமாகாது. கொப்பியின் பின்தாளில் மறைத்து வைத்திருக்கும் அந்தப் படத்தை முதலில் ஒருவருக்குக் காட்ட வேண்டும். மற்றவை அதன் பின்னரே.